சர்வர் பிசி மாத்தினதிலிருந்து கவுண்டருக்கு ஒரு எரர்: 26, 18456, 4060

கல்லாப்பெட்டி — திங்கள், காலை 11:10

வணக்கம். பெங்களூரு சிக்பேட்டையில் ஜவுளி மொத்தக் கடை. பில்லிங், ஸ்டாக், ஜிஎஸ்டி மூன்றுக்கும் ஒரே சாஃப்ட்வேர். பின்னால் ஓடுவது எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் (மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் புரோகிராம்). சனிக்கிழமை சர்வர் பிசியை மாற்றினோம், அதோடு தலைவலி ஆரம்பம்.

பழைய பிசி: விண்டோஸ் 7, எஸ்கியூஎல் சர்வர் 2014 எக்ஸ்பிரஸ். புதியது: விண்டோஸ் 11 ப்ரோ, எஸ்கியூஎல் சர்வர் 2019 எக்ஸ்பிரஸ், இன்ஸ்டன்ஸ் (பிசியில் ஓடும் எஸ்கியூஎல் சர்வர் காப்பி) பெயர் எஸ்கியூஎல்எக்ஸ்பிரஸ். சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் ரிமோட்டில் வந்து பழைய பேக்கப்பை இதில் ரீஸ்டோர் செய்தார். டேட்டாபேஸ் 6.8 ஜிபி. அதே நாளில் ரவுட்டரையும் மாற்றினோம்.

கவுண்டர் 1 என்பது சர்வர் பிசியேதான், அதில் பில் போகிறது. கவுண்டர் 2 முதல் 6 வரை எரர் 26, ‘சர்வர் அல்லது இன்ஸ்டன்ஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற மெசேஜ். கம்பெனி ஆள் விண்டோஸ் ஃபயர்வாலை மொத்தமாக ஆஃப் செய்தார். 26 போனது. இப்போது அதே கவுண்டர்களில் ‘லாகின் ஃபெயில்டு ஃபார் யூசர் பில்யூசர்’, எரர் 18456. மாடியில் அக்கவுண்ட்ஸ் பிசியில் மட்டும் 4060. பீன்யா குடோன் விபிஎன் (இன்டர்நெட் வழியாகக் கடை நெட்வொர்க்கோடு இணைக்கும் தனிப்பாதை) வழியாக வருகிறது. அங்கே ஃபயர்வால் ஆஃப் ஆனபிறகும் 26தான்.

எல்லா பிசியிலிருந்தும் சர்வருக்கு (192.168.1.10) பிங் போகிறது. ‘எல்லாக் கவுண்டருக்கும் எஸ்ஏ (சர்வரின் தலைமை அட்மின் லாகின்) பாஸ்வேர்டையே போட்டுடலாம், குடோனுக்கு ரவுட்டர்ல போர்ட் திறந்துடலாம்’ என்கிறார்கள். செய்யலாமா? வரமகாலட்சுமி சீசன், ஒரே கவுண்டரில் பில் போட்டுச் சமாளிக்க முடியாது.

போர்ட்_1433 — திங்கள், காலை 11:45

எஸ்ஏ வேண்டாம். ரவுட்டர்ல போர்ட் திறக்கவே வேண்டாம். ஃபயர்வாலை இன்னைக்கே திரும்ப ஆன் பண்ணுங்க, எப்படின்னு கீழே சொல்றேன்.

மூணும் ஒரே கோளாறு இல்ல. கவுண்டர்ல இருந்து டேட்டாவைத் தொடணும்னா வரிசையா வாசல் தாண்டணும்: நெட்வொர்க், இன்ஸ்டன்ஸ், லாகின், டேட்டாபேஸ், கடைசியா டேபிள். 26ன்னா வீடு எங்கேன்னே தெரியல. 18456ன்னா வீட்டைக் கண்டுபிடிச்சு கதவைத் தட்டியாச்சு, உள்ளே விடல. 4060ன்னா வீட்டுக்குள்ள வந்தாச்சு, ரூம் பூட்டியிருக்கு. ஃபயர்வாலை ஆஃப் பண்ணதும் எரர் நம்பர் மாறிச்சே, அது கோளாறு கூடினதால இல்ல. ஒரு வாசல் தாண்டினதால.

முதல் வாசல். எக்ஸ்பிரஸ் இன்ஸ்டால் பண்ணா டிசிபி/ஐபி ஆஃப்லதான் இருக்கும். உங்களுக்கு 18456 வரை வந்திருக்கிறதால அதை யாரோ ஆன் பண்ணியிருக்காங்க. ஆனா பேர் வச்ச இன்ஸ்டன்ஸ்ங்கிறதால போர்ட் (சர்வீஸ் காத்திருக்கிற எண்) டைனமிக்கா, அதாவது தானா எடுத்துக்கிறதா இருக்கும், சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும்போது மாறலாம். எந்த போர்ட்டுன்னு கேட்டுச் சொல்றதுக்குன்னே எஸ்கியூஎல் பிரவுசர்னு தனி சர்வீஸ், அது 1434ல காத்திருக்கும். ஃபயர்வால் அதை மறிச்சா கவுண்டருக்கு 26.

பிரவுசரை நம்பி இருக்காதீங்க. போர்ட்டை நிலையா வச்சுடுங்க:

ஸ்டார்ட் மெனுல கான்ஃபிகரேஷன் மேனேஜர் கிடைக்கலைன்னா ரன்ல ‘எஸ்கியூஎல்சர்வர்மேனேஜர்15.எம்எஸ்சி’ அடிங்க (15 என்பது 2019க்கு, 2022ன்னா 16). நெட்வொர்க் கான்ஃபிகரேஷன், புரோட்டோகால்ஸ், டிசிபி/ஐபி, ஐபி அட்ரஸஸ் டேப். அடியில ‘ஐபிஆல்’ வரைக்கும் போங்க. டைனமிக் போர்ட்ஸ் கட்டத்தைக் காலி பண்ணுங்க. 0 போடக்கூடாது, 0ன்னா ‘டைனமிக்கா வை’ன்னு அர்த்தம். டிசிபி போர்ட் கட்டத்துல 1433. எஸ்கியூஎல் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணாம இது எடுக்காது.

ஃபயர்வால்ல இன்பவுண்ட் ரூல் ஒண்ணு போதும்: டிசிபி 1433, அலோ, பிரைவேட் புரொஃபைல் மட்டும். நிறைய பேர் வழுக்குற இடம் இதுதான். ரவுட்டர் மாறினா விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்னு எடுத்துக்கிட்டு ‘பப்ளிக்’னு குறிச்சிடும். ரூல் பிரைவேட்டுக்கு இருக்கும், நெட்வொர்க் பப்ளிக்ல இருக்கும், ரூல் இருந்தும் இல்லாத மாதிரி. செட்டிங்ஸ்ல அந்த கனெக்‌ஷனைத் திறந்து பிரைவேட்னு மாத்துங்க.

கவுண்டர்ல கனெக்‌ஷன் அட்ரஸை ‘சர்வர்பேர்\எஸ்கியூஎல்எக்ஸ்பிரஸ்’னு வைக்காம ‘டிசிபி:192.168.1.10,1433’னு வைங்க. ஐபிக்கும் போர்ட்டுக்கும் நடுவுல கமா, கோலன் இல்ல. போர்ட் நம்பர் கொடுத்துட்டா இன்ஸ்டன்ஸ் பேரே தேவையில்ல, பிரவுசரும் தேவையில்ல.

பிங் போகுதுங்கிறதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க. பிங்குக்குப் போர்ட்டே கிடையாது. பவர்ஷெல்ல ‘டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் 192.168.1.10 -போர்ட் 1433’ அடிச்சு, கடைசி வரியில ட்ரூ வருதான்னு பாருங்க.

எஸ்பி_ரோடு — திங்கள், மதியம் 12:20

பிரவுசர் சர்வீஸ் வேணும்னா 1434 டிசிபியையும் ஃபயர்வாலில் திறக்கணும், அதை விட்டுட்டீங்க.

போர்ட்_1433 — திங்கள், மதியம் 12:31

டிசிபி இல்ல, யுடிபி 1434. டிசிபி 1434 அட்மினுக்குன்னு ஒதுக்கின அவசரக் கனெக்‌ஷனுக்கு, அதை வெளியே திறக்கத் தேவையே இல்ல. டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் யுடிபியைச் சோதிக்காதுங்கிறதும் ஞாபகம் இருக்கட்டும். அதுல ட்ரூ வந்தும் 26 வந்தா, பேர் சொல்லிக் கூப்பிடுற வழியிலதான் சிக்கல்.

எரர்லாக்_படிங்க — திங்கள், மதியம் 1:05

18456க்கு வருகிறேன். கவுண்டர் திரையில் இந்த எரரை எவ்வளவு நேரம் பார்த்தாலும் காரணம் தெரியாது. பாஸ்வேர்டு தப்பா, யூசரே இல்லையா என்பது வெளியாளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று சர்வர் வேண்டுமென்றே எல்லாவற்றுக்கும் ‘ஸ்டேட் 1’ என்றே பதில் சொல்லும். உண்மையான ஸ்டேட் நம்பர் சர்வரின் எரர்லாக்கில்தான் இருக்கிறது. உங்கள் பிசியில் அது இருக்கும் இடம்: சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ், மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர், எம்எஸ்எஸ்கியூஎல்15.எஸ்கியூஎல்எக்ஸ்பிரஸ், எம்எஸ்எஸ்கியூஎல், லாக். ஃபைலின் பெயர் எரர்லாக், எக்ஸ்டென்ஷன் கிடையாது. நோட்பேடில் திறக்கும். சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் புது ஃபைல் தொடங்கி, பழையது எரர்லாக்.1, .2 என்று தள்ளிப்போகும். ஆகவே ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் தேடினால் .1ல் பாருங்கள்.

தோல்வியுற்ற ஒவ்வொரு லாகினுக்கும் அங்கே இரண்டு வரி இருக்கும். முதல் வரியில் எரர் 18456, சிவியாரிட்டி 14, ஸ்டேட் இத்தனை. அடுத்த வரியில் காரணமும், வந்த பிசியின் ஐபியும். அடிக்கடி தென்படும் ஸ்டேட்கள்:

5 என்றால் அந்தப் பெயரில் லாகினே இந்த சர்வரில் இல்லை.
8 என்றால் பெயர் சரி, பாஸ்வேர்டு தப்பு.
7 என்றால் லாகின் டிசேபிள் ஆகியிருக்கிறது, பாஸ்வேர்டும் பொருந்தவில்லை.
38 அல்லது 40 என்றால் ஆள் சரி, கேட்ட டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை.
58 என்றால் சர்வர் விண்டோஸ் லாகினை மட்டும் ஏற்கும் நிலையில் இருக்கிறது, நீங்கள் எஸ்கியூஎல் யூசர் பெயரோடு வருகிறீர்கள்.

உங்கள் விஷயத்தில் 58 என்றுதான் நினைக்கிறேன். கவுண்டர் 1 ஓடுவது அங்கே மட்டும் விண்டோஸ் லாகினாக மாற்றி வைத்ததால் இருக்கலாம். லாக்கைப் பார்த்து நம்பரைப் போடுங்கள்.

அந்த ஃபைலில் இன்னொன்றும் தேடுங்கள்: வந்த ஐபி உங்கள் கடை நெட்வொர்க்கில் இல்லாத அந்நிய நம்பராக இருக்கிறதா, எஸ்ஏ என்ற பெயரில் நிமிடத்துக்குப் பல தடவை தோல்வி வரி இருக்கிறதா? இருந்தால் ரவுட்டரில் யாரோ ஏற்கெனவே போர்ட் திறந்துவிட்டார்கள். 1433ஐ இன்டர்நெட்டுக்குக் காட்டினால் பாஸ்வேர்டை ஊகிக்கும் புரோகிராம்கள் இரவு பகலாகத் தட்டும். எஸ்ஏ அகப்பட்டால் டேட்டாபேஸோடு போகாது, பிசியையே பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள்.

கல்லாப்பெட்டி — திங்கள், மாலை 4:40

போர்ட்டை 1433 ஆக்கி, பிரைவேட்டுக்கு ரூல் போட்டு, ஃபயர்வாலை ஆன் செய்தாச்சு. நெட்வொர்க் பப்ளிக்கில்தான் இருந்தது, மாற்றினேன். கடைக்குள் எல்லா பிசியிலும் டெஸ்ட் ட்ரூ.

எரர்லாக்கில் பில்யூசருக்கு ஸ்டேட் 58. அக்கவுண்ட்ஸ் பிசிக்கு ஸ்டேட் 38. அக்கவுண்ட்ஸ் மாட்யூல் விண்டோஸ் லாகினில் போகிறதாம். கவுண்டர் 1ம் அப்படித்தான், நீங்கள் சொன்னதுபோலவே. அந்நிய ஐபி எதுவும் இல்லை.

குடோன் பிசியில் டெஸ்ட் ஃபால்ஸ். ஆனால் பிங் மட்டும் போகிறது. இது எப்படி?

எரர்லாக்_படிங்க — திங்கள், மாலை 5:15

58க்கு: மேனேஜ்மெண்ட் ஸ்டூடியோவில் (எஸ்கியூஎல் சர்வரை நிர்வகிக்கும் புரோகிராம்) சர்வர் பெயரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, ‘எஸ்கியூஎல் சர்வர் அண்ட் விண்டோஸ் ஆதென்டிகேஷன்’. பிறகு சர்வீஸ் ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டுவிட்டு ‘மாற்றியும் அதே எரர்’ என்று அலைவது வழக்கமான தப்பு. விண்டோஸ் மட்டும் என்று இன்ஸ்டால் செய்த சர்வரில் எஸ்ஏ டிசேபிளாக இருக்கும். மோடை மாற்றினாலும் அது டிசேபிளாகவேதான் இருக்கும், அப்படியே இருக்கட்டும்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இதைச் செய்தவுடன் பில்யூசருக்கு 18456 மறைந்து 4060 வரப்போகிறது. பதற வேண்டாம்.

ஏன் வரும்? லாகின் என்பது சர்வரில் இருப்பது, யூசர் என்பது டேட்டாபேஸுக்குள் இருப்பது. இரண்டையும் இணைப்பது பெயர் அல்ல, எஸ்ஐடி என்ற உள் அடையாள எண். பேக்கப்போடு யூசர் வருவார், லாகின் வராது. புது சர்வரில் அதே பெயரில் லாகின் உருவாக்கினால் அதற்குப் புது எஸ்ஐடி கிடைக்கும். பெயர் ஒன்று, ஆள் வேறு. இப்படி அந்தரத்தில் நிற்கும் யூசர்களைப் பார்க்க, உங்கள் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்து:

எக்ஸெக் எஸ்பி_சேஞ்ச்_யூசர்ஸ்_லாகின் 'ரிப்போர்ட்'

இது பழைய புரொசீஜர், 2019லும் ஓடும். பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். சரிசெய்ய:

ஆல்டர் யூசர் பில்யூசர் வித் லாகின் = பில்யூசர்

அக்கவுண்ட்ஸ் கதை கொஞ்சம் வேறு. எக்ஸ்பிரஸ் இன்ஸ்டால் ஆகும்போது ‘பில்டின்\யூசர்ஸ்’ என்ற குழுவுக்கு லாகின் தானாகக் கிடைத்துவிடும். சர்வர் பிசியில் அதே பெயர், அதே பாஸ்வேர்டில் விண்டோஸ் யூசர் இருந்தால் அந்தக் குழு வழியாக சர்வருக்குள் வந்துவிடலாம். ஆனால் டேட்டாபேஸில் பதிவாகியிருப்பது ‘பழையபிசி\அக்கவுண்ட்ஸ்’. புதுப் பிசியின் பெயர் வேறு. அதனால்தான் 18456ஐத் தாண்டி 4060ல் நிற்கிறது. முதலில்

கிரியேட் லாகின் [புதுபிசி\அக்கவுண்ட்ஸ்] ஃப்ரம் விண்டோஸ்

பிறகு

ஆல்டர் யூசர் [பழையபிசி\அக்கவுண்ட்ஸ்] வித் லாகின் = [புதுபிசி\அக்கவுண்ட்ஸ்]

பழைய யூசரை டெலீட் செய்துவிட்டுப் புதிதாக உருவாக்கத் தோன்றும். அவர் பெயரில் ஸ்கீமா (டேபிள் போன்றவற்றைத் தொகுத்து வைக்கும் பெட்டி) ஏதாவது இருந்தால் 15138 வந்து மறிக்கும், கொடுத்திருந்த உரிமைகளும் போய்விடும். ஆல்டர் யூசர் என்றால் உரிமைகள் அப்படியே நிற்கும்.

‘கெஸ்ட்’ யூசரைத் திறந்துவிட்டால் 4060 போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும். சர்வருக்குள் வரும் எவரும் கேட்காமலே உங்கள் டேட்டாபேஸில் கால் வைக்கலாம் என்றும் ஆகிவிடும்.

வயர்க்காரன் — திங்கள், இரவு 8:50

குடோன்ல பிங் போகுது, போர்ட் போகல. அண்ணா, நீங்க பிங் பண்றது உங்க சர்வரையே இல்லன்னு சந்தேகம்.

குடோன் பிசில ‘ஐபிகான்ஃபிக்’ அடிச்சு அங்கே என்ன ரேஞ்சுன்னு பாருங்க. அங்கேயும் 192.168.1.ன்னு வந்தா விஷயம் முடிஞ்சது. ரெண்டு பக்கமும் ஒரே ரேஞ்சா இருந்தா குடோன் பிசி 192.168.1.10ஐப் பக்கத்து வீட்டு ஆள்னு நெனச்சு லோக்கல்லயே தேடும், விபிஎன் பக்கமே திரும்பாது. உறுதி பண்ணிக்க, பிங் பண்ண கையோட ‘ஆர்ப் -ஏ’ அடிங்க. லிஸ்ட்ல 192.168.1.10க்கு நேரா ஒரு மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) வந்தா, அந்தப் பெட்டி குடோனுக்குள்ளதான் இருக்கு.

பழைய ரவுட்டர்ல கடைக்கு என்ன ரேஞ்சு இருந்துச்சு?

கல்லாப்பெட்டி — செவ்வாய், காலை 10:15

பழையது 192.168.0. புது ரவுட்டர் வந்ததும் 192.168.1. ஆகிவிட்டது, குடோனும் அதேதான். ஆர்ப் பார்த்தேன், குடோனில் 192.168.1.10 என்பது சிசிடிவி ரெக்கார்டர்! இரண்டு நாளாக கேமரா பெட்டியிடம் ஜிஎஸ்டி டேட்டாபேஸ் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

கடையில் மிக்ஸ்டு மோடு (எஸ்கியூஎல், விண்டோஸ் லாகின் இரண்டையும் ஏற்கும் நிலை), ஆல்டர் யூசர் எல்லாம் முடிந்தது. நீங்கள் சொன்னபடியே நடுவில் 4060 வந்து போனது. கவுண்டர் 2–6, அக்கவுண்ட்ஸ் ஓடுகிறது. குடோனுக்கு ரேஞ்சை எந்தப் பக்கம் மாற்றுவது?

வயர்க்காரன் — செவ்வாய், காலை 10:40

கடைப் பக்கம் மாத்துங்க. குடோன்ல கேமரா, பயோமெட்ரிக் எல்லாம் ஐபி குத்தி வச்சிருப்பாங்க, அதைத் தொட்டா வேற வேலை முளைக்கும். 0, 1 ரெண்டுமே ரவுட்டர்கள் கம்பெனியில இருந்தே கொண்டுவர்ற ரேஞ்சு, திரும்ப மோதும். 192.168.20. மாதிரி ஒண்ணு வைங்க. கடை மூடினபிறகு, இந்த வரிசையில:

ரவுட்டர்ல லேன் ரேஞ்சை மாத்துங்க. சர்வரோட மேக் அட்ரஸுக்கு 192.168.20.10ஐ டிஹெச்சிபி (ரவுட்டர் தானா ஐபி கொடுக்கிற வசதி) ரிசர்வேஷன்ல கட்டிப் போடுங்க. ஐபியை சர்வர் பிசில கையால குத்துறதைவிட இது மேல், அடுத்த தடவை ரவுட்டர் மாறினா தேட வேண்டிய இடம் ஒண்ணுதான். அப்புறம் பிசிகள், பிரிண்டர் எல்லாத்தையும் ஒரு தடவை ரீஸ்டார்ட். கவுண்டர்கள்ல கனெக்‌ஷன் அட்ரஸ் 192.168.20.10,1433. விபிஎன் செட்டிங்ல ‘மறுபக்க நெட்வொர்க்’னு இருக்கிறதை ரெண்டு முனையிலயும் புது ரேஞ்சுக்கு மாத்துங்க, ஒரு முனையை மட்டும் மாத்திட்டு விட்டுடாதீங்க. சர்வர்ல நெட்வொர்க் புரொஃபைல் திரும்ப பப்ளிக்குக்குப் போயிருக்கும், அதையும் பாருங்க.

இன்னும் ஒரு இடம் இருக்கு. ஃபயர்வால் ரூலைத் திறந்து ஸ்கோப் டேப்ல ரிமோட் ஐபின்னு இருக்கிற இடத்துல 192.168.20.0/24, 192.168.1.0/24 ரெண்டையும் சேருங்க. ‘லோக்கல் சப்நெட்’னு மட்டும் போட்டா கடைக்குள்ள ஓடும், குடோன் மட்டும் நிக்கும். எரர் 10060ன்னு வந்து நேரம் முடியுறவரைக்கும் காத்தா வழியில ஃபயர்வால் முழுங்குதுன்னு அர்த்தம். உடனே 10061ன்னு திருப்பி அடிச்சா பெரும்பாலும் பிசி வரைக்கும் போய்ட்டு, அந்த போர்ட்ல கேட்க ஆள் இல்லாம திரும்புதுன்னு அர்த்தம்.

சர்வர் பிசில பவர் ஆப்ஷன்ல ஸ்லீப்பை ‘நெவர்’னு வைங்க. டிவைஸ் மேனேஜர்ல நெட்வொர்க் கார்டைத் திறந்து பவர் மேனேஜ்மெண்ட்ல ‘மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம்’ங்கிற டிக்கை எடுங்க. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கனெக்‌ஷன் விழுற கடைகள்ல இதுதான் அடிக்கடி குத்தவாளி. சர்வரும் ரவுட்டரும் ஸ்விட்சும் ஒரே யுபிஎஸ்ல இருக்கட்டும். கரண்ட் போனப்ப சர்வர் உயிரோட இருந்து ஸ்விட்ச் செத்தா பில் பாதியில அறுந்து நிக்கும்.

கல்லாப்பெட்டி — புதன், மதியம் 12:30

குடோனும் வந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி. மிச்சம் இரண்டு விஷயம்.

ஒன்று, காலையில் முதல் ஆள் லாகின் செய்யும்போது ‘கனெக்‌ஷன் டைம்அவுட்’. இரண்டாவது தடவை சரியாகப் போகிறது. நடுவில் அரை மணி யாரும் பில் போடாவிட்டாலும் இதே.

இரண்டு, அக்கவுண்ட்ஸில் ஒரே ஒரு ஜிஎஸ்டி ரிப்போர்ட்டில் எரர் 229. மற்ற ரிப்போர்ட் எல்லாம் வருகிறது. ‘எல்லாருக்கும் சிஸ்அட்மின் (சர்வர் மீது முழு அதிகாரம்) கொடுத்துடுங்க’ என்கிறார் கம்பெனி ஆள்.

எரர்லாக்_படிங்க — புதன், மதியம் 1:20

முதலாவதற்கு எரர்லாக்கைத் திறந்து ‘ஸ்டார்ட்டிங் அப் டேட்டாபேஸ்’ என்று தேடுங்கள். உங்கள் டேட்டாபேஸ் பெயரோடு ஒரே நாளில் பத்து இருபது தடவை அந்த வரி இருந்தால் ஆட்டோ குளோஸ் ஆனில் இருக்கிறது. எக்ஸ்பிரஸில் உருவாக்கும் டேட்டாபேஸ்களுக்கு இது ஆனாகவே பிறக்கும், பேக்கப் வழியாகப் புது சர்வருக்கும் கூடவே வரும். கடைசி ஆள் வெளியேறியதும் டேட்டாபேஸை மூடிவிடும், அடுத்தவர் வந்ததும் முதலிலிருந்து திறக்கும். திறக்கும் நேரத்தில் ஆன்டிவைரஸும் 6.8 ஜிபி ஃபைலை மோந்து பார்த்தால், கனெக்‌ஷனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 15 விநாடி போதாது.

ஆல்டர் டேட்டாபேஸ் உங்கள்பெயர் செட் ஆட்டோ_குளோஸ் ஆஃப்

ரீஸ்டார்ட் தேவையில்லை. ஆன்டிவைரஸில் .எம்டிஎஃப் (டேட்டா), .எல்டிஎஃப் (லாக்), .பிஏகே (பேக்கப்) மூன்றையும் விலக்குப் பட்டியலில் சேருங்கள். டைம்அவுட்டை 60 ஆக்கச் சொல்வார்கள், அது வலியை மறைக்கும் மாத்திரைதான்.

229 கடைசி வாசல். டேட்டாபேஸுக்குள் வந்தாச்சு, அந்த ஒரு பொருளைத் தொட உரிமை இல்லை. மெசேஜை முழுதாகப் படித்தால் எந்த உரிமை, எந்தப் பொருள் என்று பெயரே இருக்கும். ஒரு ரிப்போர்ட் மட்டும் விழுந்தால் அது பெரும்பாலும் ஸ்டோர்டு புரொசீஜராக (டேட்டாபேஸுக்குள் சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பு) இருக்கும். டேட்டா ரீடர், டேட்டா ரைட்டர் என்ற இரண்டு ரோலும் டேபிளுக்கு உரியவை, புரொசீஜரை ஓட்ட விடாது. அப்படியானால்:

கிராண்ட் எக்ஸிக்யூட் ஆன் ஸ்கீமா::டிபிஓ டு [புதுபிசி\அக்கவுண்ட்ஸ்]

ஒரு ரிப்போர்ட்டுக்காக சிஸ்அட்மின் கொடுத்தால் அந்த ஆள் டேட்டாபேஸையே டெலீட் செய்யலாம். கெட்ட எண்ணம் வேண்டியதில்லை, கை தவறினாலே போதும்.

எஸ்பி_ரோடு — புதன், மதியம் 2:05

ரெண்டு குறிப்பு, பின்னால இதைத் தேடி வர்றவங்களுக்கும் ஆகும்.

6.8 ஜிபின்னு போட்டிருக்கீங்க. 2019 எக்ஸ்பிரஸ்ல ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் எல்லை. லாக் ஃபைல் (.எல்டிஎஃப், எரர்லாக் இல்ல) அதுல சேராது, டேட்டா ஃபைல் மட்டும். எல்லை தொட்டா லாகின் எல்லாம் நல்லா போகும், பில் சேவ் பண்றப்ப 1105 வரும், சில சமயம் 1827. அதைப் பார்த்துட்டு ஹார்டு டிஸ்க் மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. சாஃப்ட்வேர் பில் ஸ்கேன், சேலை போட்டோ எல்லாத்தையும் டேட்டாபேஸுக்குள்ளயே போட்டா வேகமா நிரம்பும். 9 ஜிபிக்கு முன்னாடியே பழைய நிதியாண்டுகளைத் தனி டேட்டாபேஸா பிரிக்கச் சொல்லுங்க.

விண்டோஸ் 11 பிசில எஸ்கியூஎல் சர்வீஸே ஸ்டார்ட் ஆகலைன்னா அது இந்தத் திரெட்ல பேசின எதுவுமே இல்ல. சில என்விஎம்ஈ டிஸ்க்குகள் 4096 பைட்டைவிடப் பெரிய செக்டார் அளவைச் சொல்லும், எஸ்கியூஎல் சர்வர் அதை ஏத்துக்காது. ‘எஃப்எஸ்யூடில் எஃப்எஸ்இன்ஃபோ செக்டார்இன்ஃபோ சி:’ன்னு அட்மின் பிராம்ப்ட்ல அடிச்சு, ‘ஃபார் அட்டாமிசிட்டி’ங்கிற வரியைப் பாருங்க. 8192, 16384ன்னு வந்தா அதுதான். இதுக்கு மைக்ரோசாஃப்டே ஒரு ரெஜிஸ்ட்ரி மாற்றம் சொல்லியிருக்கு, இல்லைன்னா டேட்டாவை 4096 சொல்ற டிஸ்க்ல வைக்கணும்.

கல்லாப்பெட்டி — புதன், மாலை 6:10

ஆட்டோ குளோஸ்தான். நேற்று ஒரே நாளில் 31 வரி. ஆஃப் செய்தாச்சு. 229ம் போனது.

கடைசியாக ஒன்று. சாஃப்ட்வேரில் பேக்கப் பட்டனை அழுத்தி டெஸ்க்டாப்பைக் காட்டினால் 3201, ஆபரேட்டிங் சிஸ்டம் எரர் 5, அனுமதி இல்லை என்கிறது. நான் பிசியில் அட்மின்தான்.

போர்ட்_1433 — புதன், மாலை 6:35

நீங்க அட்மினா இருக்கிறது கணக்கே இல்ல. பேக்கப்பை எழுதுறது உங்க யூசர் இல்ல, எஸ்கியூஎல் சர்வீஸ். அது ஓடுறது ‘என்டி சர்வீஸ்\எம்எஸ்எஸ்கியூஎல்$எஸ்கியூஎல்எக்ஸ்பிரஸ்’ங்கிற தனிப் பேர்ல. உங்க டெஸ்க்டாப்புக்குள்ள அதுக்கு இடமில்ல. டி டிரைவ்ல ஒரு ஃபோல்டர் போட்டு, பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டியில அந்தப் பேரை அப்படியே டைப் பண்ணி மாடிஃபை கொடுங்க. தேடினா லிஸ்ட்ல வராது, டைப்தான் பண்ணணும். தேடுற இடம் லோக்கல் பிசியா இருக்கான்னும் பாத்துக்குங்க.

எக்ஸ்பிரஸ்ல ஏஜென்ட் கிடையாது, தானா பேக்கப் எடுக்காது. எஸ்கியூஎல்சிஎம்டில ஒரு பேக்கப் கமாண்டை .பேட் ஃபைலா வச்சு டாஸ்க் ஷெட்யூலர்ல ராத்திரி 10:30க்குப் போடுங்க. கமாண்டுல ‘வித் செக்சம்’ சேர்த்துக்குங்க, கெட்டுப்போன பக்கம் இருந்தா பேக்கப் எடுக்கிறப்பவே கத்தும். அந்த ஃபைலை வெளி டிஸ்க்குக்குக் காப்பி பண்ற வேலை தனியா இருக்கட்டும். டிஸ்க்கைப் பிசியிலயே நாள் முழுக்க மாட்டி வைக்காதீங்க.

அந்த ரிமோட் ஆளோட அக்சஸ் இன்னும் ஆன்லயே இருக்கா?

கல்லாப்பெட்டி — புதன், மாலை 6:48

இருந்தது. இப்போது எடுத்துவிட்டேன்.